உள்ளே போன மூச்சு

இதை எனக்குச் சொன்னது ரோஸ்லின். அவளுக்குச் சொன்னது, அவளுடைய இசைக்குழுவில் பாடுகிற முப்பிடாதி. ஆகவே என்னிடம் வரும்போதே இது இரண்டு வாய் கடந்துவிட்டது. ஒருத்தி தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருந்தபோது அவள் மனசுக்குள் என்ன ஓடியது என்று மூன்றாவது ஆள் எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். கேட்டதிலிருந்து அதிகம் விலகவில்லை. விலகிய இடங்களில், அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம் என்ற தைரியத்தில் விலகியிருக்கிறேன்.

ஹெட்போனில் ஓடிய ஆறாவது பாட்டில்தான் அது வந்தது. இரண்டாவது சரணம் முடிந்து, பல்லவிக்குத் திரும்பும் முன் கிதார் மட்டும் தனியாகப் போகிற இடம். அங்கே முப்பிடாதிக்கு வேலை இல்லை. பதிவின்போது வாயை மூடிக்கொண்டு நின்ற இடம். அந்த இடத்தில், இடது காதுக்கு மிகப் பக்கத்தில், கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று உரசின. உடனே ஒரு மூச்சு உள்ளே போனது. மூக்கு வழியாக, வேகமாக, எதையோ கேட்டுவிட்டு அசையாமல் நிற்பதற்காக இழுத்துக்கொள்கிற மூச்சு. அது வெளியே வரும் என்று முப்பிடாதி காத்திருந்தாள். வரவில்லை. பல்லவி வந்தது, அதற்குள் அவளுடைய குரலே வந்தது, டிரம்ஸ் வந்தது, பாட்டு முடிந்தது. மூச்சு வெளியே வரவேயில்லை.

கண்ணைத் திறந்தாள். அறை அப்படியேதான் இருந்தது. சுவரோரமாக நிறுத்திவைத்த கல்யாண மெத்தைகள், அவற்றின் மேல் போட்ட ஜமுக்காளங்கள், நடுவில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால், பாட்டைப் பதிவு செய்கிற மைதீனின் லேப்டாப். கண்ணாடியை மட்டும் போர்வையால் மூடியிருந்தார்கள். கண்ணாடி இருந்தால் குரல் அதில் பட்டுத் திரும்பி வருமாம், மைதீன் முதல் நாளே சொல்லிவிட்டான். மூடுவதற்கு முன் அவள் அதில் முகம் பார்த்தாள். விளிம்பு முழுக்கப் பொட்டு. மணமகள் அறைக் கண்ணாடி. தாலி கட்டப் போவதற்கு முன் ஒவ்வொரு பெண்ணும் பழைய பொட்டை எடுத்து ஒட்டிவிட்டுப் புதுப் பொட்டு வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பெரியது, சின்னது, கல் வைத்தது, பாம்பு மாதிரி நெளிந்தது. ஒட்டிவிட்டுப் போனவர்கள் யாரும் அதை எடுக்கத் திரும்பி வரவில்லை. போர்வைக்குப் பின்னால் அவை எல்லாம் இப்போதும் இருக்கும் என்ற நினைப்பு வந்ததும் பார்வையை வேறு பக்கம் திருப்பினாள். ஆடி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அதனால்தான் மண்டபம் இவர்களுக்குக் கிடைத்தது. டிரம்ஸ் அடிக்கிற இசக்கிமுத்துவின் மாமா இங்கே மேனேஜர். "ஆவணி பொறக்கதுக்குள்ள உங்க தட்டுமுட்டுச் சாமான் பூராத்தையும் தூக்கிட்டுப் போயிரணும்ல, மொத முகூர்த்தத்துக்கு நான் வெள்ளையடிக்கணும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார். பந்திக்கூடத்தில் டிரம்ஸ், மணமேடையில் கிதாரும் கீபோர்டும், பாட்டுக்கு மட்டும் இந்த அறை. காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் பாட வேண்டும். வெளியே தென்காசியின் ஆடிக்காற்று ஆளைத் தள்ளும். உள்ளே அவள் வியர்த்து ஒழுகிக்கொண்டு நிற்பாள். "எதிர்க்காத்து" என்று குழுவுக்குப் பெயர் வைத்தது அந்தக் காற்றை நினைத்துத்தான். ஆல்பத்துக்குப் பெயர் "முகூர்த்தம் இல்லாத நாட்கள்".

மறுபடி ஓட்டினாள். சரணம், கிதார், வளையல், மூச்சு. உள்ளே போனது. வெளியே வரவில்லை. இது என் மூச்சு இல்லை என்று நினைத்தாள், அதை எப்படிச் சொல்ல முடியும் என்றும் உடனே நினைத்தாள், ஆனால் சொல்ல முடியும். அவள் மூச்சு வாய் வழியாகத்தான் போகும்; முன்பல்லில் ஒரு ஓரம் உடைந்திருப்பதால் மெல்லிய சீழ்க்கை கேட்கும். மைதீன் அதை வெட்டப் போனபோது இவள்தான் தடுத்தாள். "மூச்ச வெட்டாதீங்க மைதீன், வெட்டுனா செத்தவ பாடுன மாதிரி இருக்கு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது அந்த வாக்கியம் அறைக்குள் திரும்பி வந்து மெத்தைகளுக்கு நடுவில் எங்கும் படாமல் நின்றது. செத்தவ. ஏன் அந்த வார்த்தையைச் சொன்னேன். வளையலும் அவளுடையது இல்லை. பாடும்போது அவள் வளையலே போடமாட்டாள். பதிவு நடந்த நாட்கள் முழுக்கக் கை வெறுங்கைதான், அம்மா அதற்காகத் திட்டினாள். வேறு யார் வளையல்? ரோஸ்லின் கையில் வாட்ச் மட்டும்தான். வாட்ச்மேன் பொண்டாட்டி வந்திருப்பாளோ? கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. மெத்தைக்குப் பின்னால் யாராவது... அவள் எழுந்து போய் ஒவ்வொரு மெத்தையாக நகர்த்திப் பார்த்தாள். சுவர். அதில் யாரோ பென்சிலால் போட்ட கூட்டல் கணக்கு. மறுபடி உட்கார்ந்தாள். பார்த்தது முட்டாள்தனம், பதிவு நடந்தது போன வாரம், இன்றைக்கு மெத்தைக்குப் பின்னால் பார்த்து என்ன ஆகப்போகிறது. ஆனாலும் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன் அதிர்ந்தது. இசக்கிமுத்து. அவர்கள் மூன்று பேரும் ரோஸ்லின் வீட்டில் இருந்தார்கள். அங்கேதான் நெட் ஒழுங்காக எடுக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆல்பம் வெளியே போகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்டு முடித்து இவள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பெரிய கம்பெனி என்றால் அதற்கென்று ஆள் இருப்பான், இவர்களுக்கு இவள்தான். நாலு பேரில் ஒருத்தர் வேண்டாம் என்றாலும் வெளியே போகாது, அதுதான் இவர்கள் வைத்துக்கொண்ட சட்டம். கடைசியாகக் கேட்பது எப்போதும் முப்பிடாதி. காது அவளுக்குத்தான் என்று மற்றவர்கள் ஒத்துக்கொண்டுவிட்டார்கள். "ஏட்டி மூபி, கேட்டுட்டியா, இல்ல கல்யாண மெத்தைய பாத்ததும் தூங்கிட்டியா?" "ஆறாவது பாட்டுல ஒரு சத்தம் இருக்குல." "என்ன சத்தம்?" அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் போதும். நிறுத்திவிடுவார்கள். மைதீன் மறுபடி எல்லாவற்றையும் பிரிப்பான், ஆவணி வந்துவிடும், மண்டபம் போய்விடும், கல்யாணம் வந்துவிடும், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல. முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுதேன்." "சீக்கிரம் சொல்லு. மைதீன் நகத்தத் தின்னு தீத்துட்டு இப்ப விரலுக்கு வந்துட்டான்" என்று இசக்கி வைத்தான். பின்னால் ரோஸ்லின் யாரையோ அதட்டுவது கேட்டது.

மூபி. அந்தப் பேச்சை அவன் விடமாட்டான். சென்னையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் பேசினார், போன வருஷம். பாட்டு பிடித்திருந்தது, குரல் ரொம்பப் பிடித்திருந்தது. பெயர் மட்டும்தான் பிடிக்கவில்லை. "முப்பிடாதின்னு போட்டா யாருங்க கேப்பாங்க? மூபின்னு வெச்சுக்கலாம். க்யூட்டா இருக்கும்." ஸ்பீக்கரில் போட்டு நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முன் மூன்று பிள்ளை தங்காமல் போய், முப்பிடாதி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு அம்மா பெற்ற பிள்ளை அவள். கல்லூரியில் முதல் நாள் வருகைப் பதிவு எடுத்த மேடம் அந்தப் பெயரில் வந்ததும் ஒரு நொடி நின்றார். பின் பெஞ்சில் சிரித்தார்கள். இவள் எழுந்து "உள்ளேன் மேடம்" என்றபோது குரல் வரவில்லை. வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். அந்தப் பெயரைக் கழற்றி வைக்க அவளுக்கே எத்தனையோ நாள் ஆசையாக இருந்திருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரர் சொன்னதும், ஏனோ, ரோஸ்லின் போனைக் கையிலெடுத்து, "பேரு அதுதான் சார். இஷ்டம்னா சொல்லுங்க" என்றாள். அவருக்கு இஷ்டமில்லை. போகட்டும் என்றார்கள் இவர்கள். நாமே போடுவோம் என்றார்கள். அன்றைக்கு நால்வரும் பரோட்டாக் கடையில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கடைக்காரர் என்னவோ என்று எட்டிப் பார்த்தார். அப்படிக் காப்பாற்றி வைத்த பெயரைத்தான் ஆனி மாதம் இவளே எடுக்கச் சொன்னாள்.

நிச்சயம் முடிந்த மறுநாள். மாப்பிள்ளையைக் குறை சொல்ல எதுவுமில்லை, கூட்டுறவு வங்கியில் வேலை, பேசினால் பாதி வாக்கியத்தில் வெட்கப்பட்டு நிறுத்திவிடுகிறவர். அவருடைய அம்மாதான் நிச்சயத்தில் தட்டில் பூ வைக்கும்போது கேட்டாள்: "பாட்டு கீட்டெல்லாம் கல்யாணத்தோட சரிதானம்மா?" அதில் கோபம் இல்லை. இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றவா என்று கேட்பது மாதிரி. இவளும் போதும் என்பது மாதிரி தலையாட்டினாள். எவ்வளவு லேசாக ஆடியது தலை. பிறகு ரோஸ்லினிடம் போய், ஆல்பத்தின் அட்டையில் என் படம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்றாள். வேறு பெயர் போடுவோமா என்று இசக்கி கேட்டதற்கு மைதீன்தான் சொன்னான்: "பொய்ப் பேரெல்லாம் வேண்டாம்ல. வெறுமனே விட்டுருவோம். கேக்குறவன் கேட்டுக்கிடட்டும்." அட்டையில் இப்போது மூன்று முகம், ஒரு காலி நாற்காலி. இதே சிவப்பு நாற்காலி. "குரல்" என்று போட்டுப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாத இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்துகொள்வார்கள். இந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஏழாவது பாட்டைப் போட்டாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் பாட்டைக் கேட்கவில்லை, அந்த மூச்சு வெளியே வருகிறதா என்றுதான் கேட்டாள். ஒருத்தி எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும். சின்ன வயதில் குளத்தில் முங்கி யார் கடைசியில் எழுவது என்று பந்தயம் வைப்பார்கள், இவள் தண்ணீருக்கு அடியில் கண்ணைத் திறந்து பார்ப்பாள், எல்லாம் பச்சையாக, தலைக்கு மேலே மற்ற பிள்ளைகளின் குரல் எங்கோ வேறு ஊரில் பேசுவது மாதிரி. நெஞ்சு வலிக்கும். இன்னும் கொஞ்சம் என்று இருப்பாள். இப்போது அவள் நெஞ்சு வலித்தது; தானும் மூச்சு விடவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தாள். ஏழாவது பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். இது என்னுடைய பயம்தானோ. வெளியே போக வேண்டாம் என்று எனக்குள்ளேயே யாரோ சொல்கிறாளோ. சொல்ல ஒரு காரணம் கிடைக்காமல், ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொண்டாளோ. மற்ற மூன்று பேரும் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள், ஒருத்தருக்கும் கேட்கவில்லையே. கேட்காதது எனக்குக் கேட்டால் என் காதில் நம்பிக்கை வைப்பதா, என் காதைப் பார்த்துப் பயப்படுவதா. எட்டாவது பாட்டு, கடைசிப் பாட்டு, இன்னும் கேட்கவில்லை. அதற்குப் போகாமல் மறுபடி ஆறாவதுக்கே வந்தாள். நாக்கு வலிக்கிற பல்லுக்கே போகிற மாதிரி. சரணம். கிதார்.

கிதார் தொடங்கியபோது தரை அதிர்ந்தது. காதில் இல்லை, காலில். மண்டபத்தின் இரும்புக் கதவை யாரோ தள்ளித் திறக்கிறார்கள். ஹெட்போனை ஒரு பக்கம் விலக்கினாள். செருப்புச் சத்தம், பெண்களின் குரல், காற்றில் பறக்கிற சேலையின் படபடப்பு. "எம்மா, இந்தக் கரிப்பானை எல்லாம் நம்ம சமையல்காரருக்கு ஆகாது, சொல்லிருதேன்." "இரு மைனி, மேனேஜர் வரட்டும்." "பொண்ணு அலங்காரம் பண்ணுத ரூம் எங்க இருக்கு, ஏசி போட்டிருக்கானா பாப்போம். நம்ம ஆளுக வேர்த்து ஒழுகிருவாவ." கடைசியாகப் பேசிய குரலை அவளுக்குத் தெரியும். இன்னொரு கரண்டி சாம்பார். அத்தை. மாப்பிள்ளையின் அம்மா. மண்டபம் பார்க்க வருவார்கள் என்று நேற்று அம்மா சொன்னாள், இவள் காதில் வாங்கவில்லை, காலையில் வந்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். காலடி நடைபாதையில் திரும்பியது. கதவுக்கு வெளியே வந்தது. முப்பிடாதியின் கை ஹெட்போனுக்குப் போனது, அது போகும்போது மணிக்கட்டில் வளையல்கள் உரசின. ஆடிப்பூரம். காலையில் அம்மன் கோயிலில் கொடுத்த பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்களை அம்மா கை வலிக்க வலிக்க ஏற்றிவிட்டிருந்தாள். உரசின, உடனே மூச்சு உள்ளே போனது. மூக்கு வழியாக, வேகமாக.

அப்படியே இருந்தாள்.

விலக்கிய பக்கத்தில் அறை. மூடிய பக்கத்தில் பாட்டு. இரண்டிலும் அதே வளையல், அதே மூச்சு, ஒன்றுக்கு மேல் ஒன்று சரியாகப் பொருந்தி. மெத்தைக்குப் பின்னால் தேடியவளை அவள் கண்டுபிடித்துவிட்டாள். பல்லவி தொடங்கியது, அவள் குரல், போன வாரத்துக் குரல், எதுவும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. அசையாமல் இருந்தால் பூட்டியிருக்கிறது என்று நினைத்துப் போய்விடுவார்கள். போய்விட்டால் ஆறு மணிக்குப் பெயரில்லாமல் பாட்டு போகும், ஆவணியில் இவள் இதே அறைக்கு வருவாள், போர்வை எடுத்த கண்ணாடியில் பொட்டை ஒட்டுவாள், வெளியே நாதஸ்வரம், உள்ளே போன மூச்சோடு. எவ்வளவு காலம். கதவை யாரோ தட்டினார்கள். "உள்ள யாரு?" தண்ணீருக்கு மேலே கேட்கிற குரல் மாதிரி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நெஞ்சு சொன்னது. அவள் போய்த் தாழ்ப்பாளை எடுத்தாள்.

அத்தை இவளைப் பார்த்தாள், மெத்தைகளைப் பார்த்தாள், போர்வை போட்ட கண்ணாடியைப் பார்த்தாள். "நீயா? இங்கன என்னம்மா பண்ணுத, தனியா?"

"பாட்டு கேக்கேன் அத்தை. எங்க பாட்டு. இங்க வச்சுத்தான் பாடுனோம்."

அத்தை உள்ளே வந்தாள். பின்னால் வந்த இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, "எங்க, குடு" என்று கையை நீட்டினாள். முப்பிடாதி கொடுத்தாள். கொண்டையில் சிக்காமல் அதை மாட்டத் தெரியாமல் அத்தை தடுமாறினாள், இவள் சரிசெய்துவிட்டாள், ஆறாவது பாட்டை முதலிலிருந்து போட்டாள். அத்தையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சரணம் முடிந்திருக்க வேண்டிய நேரம் வந்தது. அத்தையின் புருவம் சுருங்கியது. காதில் மாட்டியிருந்ததால் சத்தமாகப் பேசினாள்: "இதுல யாரோ மூச்சு விடுத சத்தம் கேக்கே. வளையச் சத்தமும் கேக்கு. அது யாரு?"

வாசலில் நின்ற பெண் சிரித்தாள். முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொருத்தருக்கும் கேட்கிறது என்பது நிம்மதியா பயமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. தன் கையைப் பார்த்தாள்.

"நாந்தான் அத்தை."

"ஏன், பயந்து போயா பாடுன?"

பதில் சொல்வதற்குள் போன் அதிர்ந்தது. அவள் அத்தையைப் பார்த்துக்கொண்டே எடுத்தாள். "ஏட்டி, என்னதான் சொல்லுத? ஏத்தவா, வேண்டாமா?" கடைசிப் பாட்டை இன்னும் கேட்கவில்லை என்பது ஞாபகம் வந்தது. முழுக்கக் கேட்காமல் இதுவரை ஒன்றுக்கும் சரி சொன்னதில்லை. "ஏத்துல. எம் பேரப் போடு." இசக்கி கேலி எதுவும் இல்லாமல் கேட்டான்: "எந்தப் பேரு?" "எனக்கு எத்தன பேரு இருக்கு? முப்பிடாதி. முழுசாப் போடு."

அத்தை ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அந்தப் போர்வையைப் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று முப்பிடாதிக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. எழுந்திருக்கும்போது மெத்தை ஒன்றைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் ஒரே ஈர வாடை. கல்யாணத்துக்கு முன்ன வெயில்ல போடச் சொல்லணும்" என்றாள். கதவு வரை போய்த் திரும்பினாள். "தலையாட்டும்போது யோசிச்சு ஆட்டணும்மா. அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா."

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதே மண்டபம். முப்பிடாதி அதன் பிறகு அந்த ஆல்பத்தைக் கேட்கவேயில்லையாம், நாலு பேரும் இப்போது அடுத்ததற்குப் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தாலும். இவ்வளவுதான் ரோஸ்லின் சொன்னது. நான் எதையும் சரிபார்க்காமல் விட்டால் தூக்கம் வராத ஆள். ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். குரல் என்ற இடத்தில் முப்பிடாதி என்று இருக்கிறது. நாற்காலி மட்டும் காலியாகவே இருக்கிறது, படம் எடுக்க நேரமில்லை. ஆறாவது பாட்டில் வளையல் இருக்கிறது, மூச்சு இருக்கிறது. அவள் கேட்காமல் விட்ட எட்டாவது பாட்டையும் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அறையின் வெறுமையைக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் கடைசியில் ஒருத்தி மூச்சை வெளியே விடுகிறாள். நீளமாக, தண்ணீரிலிருந்து எழுந்த மாதிரி. மைதீனிடம் கேட்டு அந்தப் பதிவின் தேதியைப் பார்த்தேன். மைக் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, எல்லாவற்றுக்கும் முதலில் பதிவு செய்த பாட்டு அது. வரிசையில் மட்டும்தான் கடைசி. ஆறாவது பாட்டைப் பாடியது ஆடிப்பூரத்துக்கு முந்தின வாரம். இன்னும் உள்ளே போகாத அந்த மூச்சு வெளியே வந்தது ஆடி முதல் வெள்ளியன்று.